தமிழ் எழுத்தை வார்த்தவர்கள்

ஐரோப்பாவில் அச்செழுத்துக்களுக்கு அவற்றைச் செய்தவர்களின் பெயரே வழங்குகிறது. காஸ்லன் எழுத்து, பொடோனி எழுத்து என்று அச்சகத்தார் சொல்லும்பொழுதெல்லாம் அம்மனிதர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். பர்மிங்ஹாம் நகரத்து ஜான் பாஸ்கர்வில் கையெழுத்துப் பயிற்றிப் பிழைத்தவர். பின்னர் மெருகுச் சாமான் வியாபாரத்தில் தேடிய பொருளை எழுத்திலே செலவிட்டு, 1757-ல் வர்ஜிலின் காவியங்களை அச்சிட்டார். 1932-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை தனக்கென்றே ஓர் எழுத்தை வகுத்துக்கொண்டது. அதை முன்னின்று நடத்திய ஸ்டான்லி மாரிஸனை அச்சுலகம் அறியும். தமிழ்ப் பத்திரிகையைக் கையிலெடுக்கும் நேயரைக் கேட்கிறோம்: இந்த எழுத்தைச் செய்தவர் யார்?

பதில் வருவது அரிது. எனினும் நமக்குச் சரித்திரம் இல்லாமற் போகவில்லை. 1577-ல் கோவாவில் கொன்சால்வஸ் என்பவரும், 1578-ல் கொல்லத்தில் ஃபாரியா என்பவரும் வார்த்த எழுத்துக்களைக் கொண்டு அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்தது. இந்திய பாஷைகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழே. பின்னர் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துக்களோ பருமனாயிருந்தன, காகிதமோ அருமை. ஆகவே சீகன்பால்கு கூட்டத்தார் அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்து 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். ஓலை கிழியுமென்று புள்ளியிடாது விட்டதனால் ஒரே வடிவில் நின்ற எகர ஏகாரங்களைப் பிரித்துக் காட்டியவர், மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்து ஹண்ட் துரை செப்பமுறச் செய்த சிறிய எழுத்துக்களின் அழகை, 1862-ல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியில் இன்றும் காணலாம். இவர்கள் வந்தது மதப் பிரசாரத்திற்கு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கருவி நம் கைக்கு வந்தது. 1835-ல் மெட்காப் அச்சுக் கட்டுப்பாட்டை நீக்கியபின் சுதேசிகள் அதை நன்கு பயன்படுத்தினர். யாழ்ப்பாணத்தில் நாவலர் 1849-லேயே அச்சகம் நிறுவினார். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். சங்கத்திற்கென்று ஒரு முத்திராசாலையும் ஏற்பட்டது.

எழுத்தின் வடிவிலும் நம்மவர் கை வைத்தனர். ஈ.வெ.ரா.வின் மற்றக் கொள்கைகளைப் பற்றி யார் எந்த அபிப்பிராயம் கொண்டிருப்பினும், 1935-ல் 'குடி அரசு' பத்திரிகையில் அவர் மேற்கொண்ட சீர்திருத்தம் அச்சுக் கோப்பவனின் கஷ்டத்தை உணர்ந்து செய்யப்பட்டதாகும். ணா, றா, லை, னை முதலிய 13 எழுத்துக்களைச் சர்க்கார் ஏற்றது 1978-ல்தான். நாற்பத்து மூன்று வருஷம்! நல்ல காரியத்திற்கு நம் நாட்டில் இது வழக்கமான தாமதமே.

இன்று கையால் அச்சுக் கோக்கும் தொழில் மறைந்துவிட்டது. ஆப்செட்டும் கணினியும் வந்தபின், அச்சகங்களிலிருந்த எழுத்துக்கள் ஈயத்தின் விலைக்கு எடை போட்டு விற்கப்பட்டு உருகிப்போயின. ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் எழுத்தின் உருவமே அழிந்தது என்பதை விற்றவர் எண்ணவில்லை; வயிற்றுப்பாட்டில் இருந்தவரை நாம் குறை கூறவுமில்லை. இப்பொழுது கைப்பேசியில் நாம் படிக்கும் தமிழின் வடிவை நிர்ணயிப்பவை பெரும்பாலும் அயல்நாட்டுக் கம்பெனிகள். ககரத்தின் வளைவு எவ்வளவு, கொம்பின் சுழி எப்படி என்று வேறெங்கோ முடிவாகிறது. நாம் வாய் திறவாது வாசிக்கிறோம். துணிக்குச் சுதேசி வேண்டுமென்று போராடிய ஜனங்கள், எழுத்துக்கு அது வேண்டாமென்று இருப்பது விந்தையே.

பத்திரிகை முதலாளிகளுக்கு நாம் சொல்வது: நம் இளைஞர்களைக் கொண்டு எழுத்துக்களை வரையச் செய்யுங்கள், கூலி கொடுங்கள், வரைந்தவர் பெயரைப் பத்திரிகையில் அச்சிடுங்கள். சர்க்காரோ, அவ்வாறு செய்யப்படும் எழுத்துக்களைப் பள்ளிப் புத்தகங்களில் உபயோகித்து ஆதரவு தரவேண்டும். மதுரையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், மிஞ்சியிருக்கும் ஈய எழுத்துக்களையும் அச்சு யந்திரங்களையும் சேகரித்து வைக்க ஓர் அறை ஒதுக்குவது பெருஞ்செலவு ஆகாது. மதுரையிலும் சிவகாசியிலும் அச்சுக் கோத்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதிவைக்கும் வேலை அடுத்த வருஷத்திற்குத் தள்ளத் தக்கதன்று.