கைக்கேற்ற துப்பாக்கி

துப்பாக்கி சுடும் கழகத்தில் சேரும் புதியவர்கள் முதல் நாளே ஆசையோடு எடுப்பது, இருப்பதிலேயே புதிய, பளபளப்பான ஏர் பிஸ்டலைத்தான். நானும் அப்படித்தான் எடுத்தேன். மூன்று மாதங்கள் என் குண்டுகள் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண் சரியில்லை என்றார்கள் தோழிகள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றார் அம்மா. (2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இதே 10 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றவர் நம் மலேசியப் பெண் பிபியானா இங் என்பது அம்மாவுக்குத் தெரியாது.)

குறை கண்ணில் இல்லை, கைப்பிடியில் இருந்தது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையை நீட்டித்தான் சுட வேண்டும். பிடி பெரிதாக இருந்தால் சுட்டுவிரல் விசையை எட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அக்கா ஒருவர் அலமாரியிலிருந்து சிறிய பிடி கொண்ட பழைய பிஸ்டலை எடுத்துத் தந்த பிறகே என் குண்டுகள் நடுவுக்கு வந்தன.

ஆகவே தம்பி தங்கைகளே, முதல் துப்பாக்கியை விலையையோ பெயரையோ பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சொந்தமாக வாங்கும் நினைப்பும் இப்போது வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதமே.

கழகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நிதியில் இன்னொரு புதிய பிஸ்டல் வாங்குவதற்குப் பதிலாகச் சிறிய கைப்பிடிகளை வாங்குங்கள். என்னோடு சேர்ந்த இரு பெண்கள், தமக்குத் திறமையில்லை என்று நம்பி இரண்டாம் மாதமே விலகிவிட்டார்கள்.