பெட்டியைப் பார்க்காதே, மென்பொருளைப் பார்!

போன கிழமை சித்தியின் மகன் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வீ.சீ.ஈ.யில் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் படிக்கிறான். "அண்ணா, கொம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒசிலோஸ்கோப் ஒன்று வாங்கப் போறன். 20 மெகாஹெர்ட்ஸ் காணுமா, 70 வேணுமா?" என்று கேட்டான்.

பதில் சொல்லாமல் அவனைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யூனியில் படிக்கும்போது பகுதிநேர வேலைக் காசில் நான் வாங்கிய ஒசிலோஸ்கோப் அங்கே ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் சர்க்கிட்டில் ஒரு பிழையும் இல்லை. லப்டொப்பில் புதிய விண்டோஸ் போட்ட அன்றோடு அதன் டிரைவர் வேலை செய்யவில்லை. செய்த கம்பெனியும் புதியது தரவில்லை. நல்ல கருவி வெறும் பெட்டியாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: இந்த வகை ஒசிலோஸ்கோப்பில் பாதிக் கருவி உங்கள் கொம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பெட்டி வோல்டேஜை எண்களாக மாற்றி அனுப்பும். அதை அலையாகக் காட்டுவதும் அளப்பதும் மென்பொருளின் வேலை. மென்பொருள் செத்தால் கருவியும் செத்தது.

மெகாஹெர்ட்ஸ் முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் உங்கள் தேவைக்கு ஏற்ற அளவுக்கு. 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால், அந்த வேகத்தில் வரும் அலையின் உயரத்தை 70 வீதமாகக் குறைத்துக் காட்டும். சதுர அலையை வடிவாகப் பார்க்க அதைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளொக், 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் சைன் அலை போலத்தான் தெரியும். ஆனால் நீங்கள் பார்க்கப் போவது என்ன? அம்ப்ளிஃபயரின் ஓசை 20 கிலோஹெர்ட்ஸ். சென்சர்கள் பேசும் ஐ-டூ-சி பெரும்பாலும் 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். இதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் தாராளம்.

எனவே கடைக்குப் போகமுன் மென்பொருளை இறக்கிப் பாருங்கள். பிகோஸ்கோப், டிஜிலண்ட் போன்றவற்றின் மென்பொருளைக் கருவி இல்லாமலே டெமோவாக ஓட்டலாம். மக்கிலும் லினக்ஸிலும் ஓடுமா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். சிக்ரொக் என்ற திறந்த மென்பொருள் சில மலிவான கருவிகளோடும் வேலை செய்யும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினால், கம்பெனி கைவிட்டாலும் கருவி பிழைக்க வழி இருக்கும்.

தூரத்தில் தேடத் தேவையில்லை. ராஸ்பெரி பையோடும் ஓடும் பிட்ஸ்கோப் மைக்ரோ சிட்னியில் வடிவமைத்தது. புதுடெல்லியின் இன்டர் யூனிவர்சிட்டி அக்சலரேட்டர் சென்டர், மாணவர்களுக்காக எக்ஸ்ப்ஐஸ் என்ற கருவியை உருவாக்கியது. வினாடிக்கு 10 லட்சம் மாதிரிதான் எடுக்கும், வேகம் குறைவு. ஆனால் அதன் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை. பழுதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம். எனக்கு அதுதான் பெறுமதி.

இன்னொன்று, இதைக் கட்டாயம் வாசியுங்கள். இப்படியான பெரும்பாலான ஸ்கோப்புகளில் கறுப்புக் கிளிப் யூ.எஸ்.பி. வழியாக உங்கள் கொம்ப்யூட்டரின் கிரவுண்டோடு இணைந்திருக்கும். அதை சர்க்கிட்டில் கண்ட இடத்தில் மாட்டினால் ஷோர்ட் ஆகும். அப்பா வாங்கித் தந்த லப்டொப்பும் போகும். இரண்டு சனல் என்றால் இரண்டு கிளிப்பும் ஒரே கிரவுண்டில்தான் மாட்ட வேண்டும். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் கரண்டை இதால் அளக்கவே வேண்டாம். லப்டொப் பற்றரியில் ஓடினாலும் வேண்டாம், ஆளையே கொல்லும்.

மேசையும் காசும் இருந்தால் தனியாக நிற்கிற ஸ்கோப் நல்லதுதான். அதற்கு டிரைவர் கவலை இல்லை. ஆனால் தங்கச்சியோடு அறையைப் பங்குபோடுகிறவனுக்குச் சட்டைப்பையில் அடங்கும் கருவிதான் சரி.

தம்பி இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. இரவிரவாக மூன்று மென்பொருள் இறக்கி ஓட்டிப் பார்க்கிறானாம். சித்திதான் என்னைப் பேசுகிறா.