எந்தத் தேசம் நல்ல தேசம்?

மதகடிப்பட்டுத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு சங்கதி கொண்டுவந்தார். அவர் மகளுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை பிரஞ்சுக் குடியுரிமை உள்ளவராம். அதற்காகவே சீர் ஏற்றிக் கேட்கிறார்களாம். இருக்கும் நஞ்சையை விற்றாவது கொடுக்கலாமா, பிரான்சு தேசத்து வாழ்வு அவ்வளவு உயர்வுதானா என்பது அவர் கேள்வி. ஜோசியரோ, பெண்ணுக்குக் கடல் தாண்டும் யோகம் இருக்கிறதென்று சொல்லித் தட்சணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்!

உயர்வுதான்; அதை மறைப்பானேன்? பிரான்சில் மனிதனின் சராசரி ஆயுள் 80 வருஷத்துக்கு மேல். இந்தியாவில் 70ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் 1900இல் பிரான்சிலும் அது 50ஐ எட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தேசத்தார் எந்தக் கோவிலுக்கு மண்டகப்படி செய்தார்கள்? எந்தச் சனி அவர்களைவிட்டுப் பெயர்ந்தது? 1881, 1882ஆம் வருஷத்துச் சட்டங்களால் பிள்ளைகளுக்கு இலவசமாக, கட்டாயமாக, மதபோதனை இல்லாத படிப்பைக் கொடுத்திருந்தார்கள். நல்ல தண்ணீரும் சாக்கடையும் அம்மைப்பாலும் வந்தன. 1945இல் நோய்க்கும் முதுமைக்கும் உதவிப்பண ஏற்பாடு செய்தார்கள். அது பணக்கார தேசம் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். பணக்கார தேசமல்லாத இலங்கை 1945இல் இலவசக் கல்வி கொடுத்தது. இலவச வைத்தியமும் கொடுத்தது. அங்கே சராசரி ஆயுள் 75ஐத் தாண்டிவிட்டது.

நிற்க. இந்தப் பாடத்துக்கு மதகடிப்பட்டார் கடல் தாண்டவே வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1ந் தேதி வரையில் எல்லைக்கு இந்தப் பக்கம் பிரஞ்சு ராஜ்யம். இன்றைய விழுப்புரம் ஜில்லாவான அந்தப் பக்கம் 1947 வரையில் இங்கிலீஷ் ராஜ்யம். ஒரே மண், ஒரே மழை, ஒரே பஞ்சாங்கம். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு 1871லேயே ஓட்டு வந்தது. அந்தப் பக்கத்துக் கூலிக்காரனுக்கோ 1951-52 தேர்தலில்தான் வந்தது. ஒரே நட்சத்திரத்தில் பிறந்த இருவரில் ஒருவனுக்கு ஓட்டு, மற்றவனுக்கு இல்லை என்றால், அது கிரகத்தின் வேலையா, சட்டத்தின் வேலையா?

இதைக் கேட்டுப் பிரஞ்சுக்காரனுக்கு மாலைபோட ஓட வேண்டாம். சமத்துவம் என்று உலகத்துக்கெல்லாம் கூவிய தேசம், 1819இல் இங்குள்ளவர்களுக்கு அவரவர் ஜாதி வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்று உத்தரவு போட்டது. 1936 ஜூனில் பாரிஸ் தொழிலாளிக்கு வாரம் 40 மணி வேலை என்று சட்டம்; அடுத்த மாதம் 30ந் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு! 12 பேர் செத்தார்கள். எட்டு மணி வேலைச் சட்டம் அதன் பிறகுதான் வந்தது. சேரியோ எல்லைக்கு இரண்டு பக்கமும் ஊருக்கு வெளியேதான் இருந்தது.

வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் பூட்ஸ் போட்டு கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரையில் வழக்காடி ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21ந் தேதிச் சட்டம் வந்ததும் அவரும், அதிகமாய்த் தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும், ஜாதி வழக்கச் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள்தான் ரெனோன்சான்கள். இந்த மாப்பிள்ளை வீட்டாரும் அந்த வம்சமாம். முதலில் என்ன விசாரித்தார்கள் என்று தோழரைக் கேட்டோம். "நாங்கள் என்ன ஜாதி என்று விசாரித்தார்கள்" என்றார். பாட்டன் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டதைப் பேரன் தேடிக்கொண்டு வருகிறான்! பாஸ்போர்ட் மட்டும் பிரஞ்சு.

சீர் கேட்பது 1961ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதைத் தோழருக்குச் சொன்னோம். நஞ்சை விற்ற பணம் பெண்ணின் மேற்படிப்புக்கு எத்தனை வருஷம் காணும் என்று கணக்கும் போட்டுக் காட்டினோம். கடைசியில், "பெண்ணைக் கேட்டீர்களா?" என்றோம். கேட்கவில்லையாம். கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறோம்.