ஒலிக்கும் ரேகை உண்டு

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயில் போன்ற தலங்களின் உற்சவங்களைக் கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைகளும் சேவிக்கட்டும் என்று யூடியூபில் ஏற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வாறு ஏற்றியவர்களுக்கு, 'இதில் உள்ள இசை பிறருக்கு உரிமையுடையது' என்ற அறிவிப்பு வருவதுண்டு. சில வேளைகளில் படத்தின் ஒலியே நிறுத்தப்பட்டுவிடும். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கேட்ட சுப்ரபாதத்தை இயந்திரம் எவ்வாறு கண்டுகொள்கிறது?

வங்கியில் காசோலைக் கையொப்பத்தை மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுவது போன்றதே இது. ஷாஸம் நிறுவனத்தைச் சேர்ந்த ஏவரி வாங் 2003-இல் இம்முறையை விளக்கி எழுதினார். ஒலியைக் காலமும் சுருதியுமாகப் பிரித்து வரைந்தால், வலிமை மிக்க இடங்கள் வானத்து நட்சத்திரங்கள்போல் புள்ளிகளாகத் தோன்றும். அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, இடைப்பட்ட காலத்தையும் சேர்த்து எண்களாக்கிச் சேமிக்கின்றனர். மணியோசையும் கூட்டத்தின் ஆரவாரமும் கலந்தாலும் அப்புள்ளிகளுள் பல அழிவதில்லை. ஆகவே அடையாளம் காணச் சில விநாடி ஒலியே போதுமானது. யூடியூப் 2007 முதல் இத்தகைய ஒப்பீட்டை நடத்திவருகிறது.

இந்த ரேகை பதிவுக்கு உரியதேயன்றிப் பாட்டுக்கு உரியதன்று. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய ஸ்ரீவேங்கடேச சுப்ரபாதம் எல்லார்க்கும் பொது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய இசைத்தட்டோ தனியொரு பதிவு. அதன் உரிமைத்தொகையை அவ்வம்மையார் திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு வழங்கினார். பதிவின் உரிமை நற்பணிக்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. உண்மையான சமயச் சடங்கின்போது பதிவை ஒலிக்கச் செய்வதை அச்சட்டம் மீறலாகக் கொள்வதில்லை. அச்சலுகை இணையத்தில் ஏற்றும் படத்துக்கும் பொருந்தும் என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. சடங்கு எது, கச்சேரி எது என்று இயந்திரம் பகுத்தறியாது. அறிவிப்பு தவறெனத் தோன்றினால் யூடியூபிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும்.

இத்தொல்லை நேராதிருக்க எளிய வழி ஒன்று உண்டு. அர்ச்சகரின் குரலையும் பிரபந்த கோஷ்டியையும் கோயில் நாகஸ்வரத்தையும் அவர்தம் இசைவோடு பதிவுசெய்யலாம். இசைத்தட்டு எங்கும் கிடைக்கும். தொலைவில் வாழும் பிள்ளைகள் கேட்க ஏங்குவது தம் ஊர்க் கோயிலின் ஒலியைத்தானே!