கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

மொதல்லயே சொல்லிடறேன், ஆட்டோ அனுப்பிடாதீங்க. இது சுன்னத் பத்தின பதிவு இல்ல. இஸ்லாமியர்களும் யூதர்களும் செய்யறது அவங்க நம்பிக்கை, அது வேற விவாதம். நான் கேக்கறது, மதக் காரணம் எதுவும் இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல 'மருத்துவம்'ங்கற பேர்ல நடக்கற முன்தோல் நீக்கம் பத்தி.

போன மாசம் எங்களுக்குப் பையன் பிறந்தான். முழுசா ஒரு நாள்கூட ஆகல. தங்கமணி அரைத் தூக்கத்துல இருக்காங்க. நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "நாளைக்குக் காலையில வச்சுக்கலாமா?"ன்னாங்க. ஏதோ தடுப்பூசின்னு நெனச்சு பேனாவைக்கூடத் திறந்துட்டேன். படிச்சப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எதுக்குங்க இது?"ன்னு கேட்டா, "இங்க நெறைய பேர் பண்ணிக்கறாங்க"ன்னு பதில். ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டா, "பேசாம பண்ணிடுப்பா, ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணுவாங்க"ங்கறார். கிண்டலுக்கு பயந்து கத்தியா?

இந்தப் பழக்கத்தோட பூர்வீகத்தைப் பாருங்க. 1870-ல நியூயார்க்ல லூயிஸ் சேயர்னு ஒரு டாக்டர், முன்தோலை வெட்டினா பக்கவாதமே சரியாகுதுன்னார். நம்ம கார்ன் ஃப்ளேக்ஸ் புகழ் டாக்டர் கெல்லாக், சுயஇன்பத்தை நிறுத்த இதைப் பரிந்துரைச்சார், அதுவும் மயக்க மருந்து இல்லாம! அந்தக் காரணமெல்லாம் காத்துல போயிடுச்சு. கத்தி மட்டும் தங்கிடுச்சு.

இப்போ சொல்ற காரணங்களுக்கு வருவோம்.

சிறுநீர்த் தொற்று: குறையுதுங்கறது உண்மை. ஆனா 2005-ல வந்த ஆய்வுத் தொகுப்புப்படி, ஒரு குழந்தைக்குத் தொற்று வராம தடுக்க சுமார் 111 குழந்தைகளுக்கு வெட்டணும். வந்தாலும் ஆன்டிபயாட்டிக்ல சரியாகற சமாச்சாரம். திரும்பத் திரும்பத் தொற்று வர்ற குழந்தைன்னா கதை வேற, அது சிகிச்சை.

ஹெச்.ஐ.வி.: தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகள்ல பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொத்தறது 50-60% குறைஞ்சது. மறுக்கல. ஆனா அதெல்லாம் நோய் பரவலா இருந்த இடங்கள்ல, விவரம் தெரிஞ்சு சம்மதிச்ச பெரியவங்க மேல செஞ்சது. தொட்டில்ல கிடக்கறவனுக்கு என்ன அவசரம்?

தோல் பின்னால போகல: பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் போகாதுங்க! அது நோய் இல்ல, இயற்கை. வளர வளரத் தானா பிரியும், பிடிச்சு இழுக்கக் கூடாது. பின்னால நிஜமாவே இறுக்கம் இருந்தாலும் பலருக்கு ஸ்டீராய்டு களிம்பே போதும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2012 அறிக்கையில, நன்மை ஆபத்தைவிட அதிகம், ஆனா எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைக்கற அளவுக்கு இல்லன்னுதான் சொல்லிச்சு. கனடா சங்கம் 2015-ல வழக்கமா செய்யறதைப் பரிந்துரைக்கலன்னே சொல்லிடுச்சு. இங்கிலாந்துல 1949-லயே டக்ளஸ் கெய்ர்ட்னர்ங்கற டாக்டர், இதனால வருஷத்துக்குச் சுமார் 16 குழந்தைகள் சாகறாங்கன்னு எழுதினார். அரசு மருத்துவத்துலயும் இதுக்குக் காசு தரல. பழக்கம் அங்க மளமளன்னு மறைஞ்சுது. அதுக்காக அந்த ஊர் ஆம்பளைங்க யாரும் அழிஞ்சு போயிடல.

இன்னிக்கு ஆபத்து ரொம்பக் கம்மிதான், ஒத்துக்கறேன். ரத்தக் கசிவு, தொற்றுன்னு பெரும்பாலும் சின்னச் சின்னது. ஆனா அவசியமே இல்லாத இடத்துல அந்தச் சின்ன ஆபத்தையும் வலியையும் எதுக்கு அவன் தலையில கட்டணும்? வெட்டாததை எப்ப வேணா வெட்டிக்கலாம். வெட்டினதை ஒட்ட முடியுமா?

தாளைத் திருப்பிக் குடுத்துட்டேன். நாளைக்கு அவனுக்கு வேணும்னு தோணினா அவனே கையெழுத்து போட்டுக்கட்டும். அது அவன் உடம்பு.

இங்க குழந்தை பெத்துக்கப் போற மக்களே, அந்தத் தாளை வலி வர்றதுக்கு முன்னாடியே வாங்கிப் படிச்சுடுங்க. மாற்றுக் கருத்து இருக்கறவங்க, குறிப்பா டாக்டருங்க, பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்முங்க.