இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் விலை வந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ரேடியோ செட் கடைகளில் ஒரு காலத்தில் அடுக்கடுக்காக இருந்தவை இவை. கேசட் வந்ததும் பரணுக்குப் போயின. அங்கிருந்து பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போயின. இப்போது நகரத்து இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து மாணவர்களுக்கும் அந்த ஆர்வம் தொற்றினால் நல்லதுதான்.

ஆனால் வாங்கும்போது தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத் தாளைப் படித்துப் பாருங்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். பெரும்பாலும் அவ்வளவுதான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபின் நாட்டுப்புற மெட்டு பட்டிதொட்டியெங்கும் ரெக்கார்டில் ஒலித்தது. அந்த வகை மெட்டுகள் நடவு வயலிலும் இழவு வீட்டிலும் வளர்ந்தவை. நட்டவர்களிலும் மாரடித்து அழுதவர்களிலும் நம் தெருப் பெண்கள் எத்தனை பேர்! தப்பு அடித்தவர், உருமி உருட்டியவர், நையாண்டி மேளத்தில் பம்பை வாசித்தவர் பெயர் அந்தத் தாளில் ஏறவில்லை.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் கறுப்பினத்தவர். பண்ணை வேலை செய்தவர். 1928-ல் ஓகே என்ற கம்பெனி அவர் பாட்டுகளைப் பதிவு செய்தது. கறுப்பர் பாட்டுக்கென்று அன்று தனி வரிசையே இருந்தது. 'ரேஸ் ரெக்கார்டு' என்பார்கள். டீக்கடைத் தனிக்குவளை மாதிரிதான். தட்டுகள் சரியாக விற்கவில்லை. அவர் வயலுக்கே திரும்பிவிட்டார். 35 வருடம் கழித்து, 1963-ல், பழைய தட்டுகளைத் தேடிக் கேட்கும் ஓர் இளைஞர், ஒரு பாட்டில் அவலான் என்ற சிற்றூரைத் தன் ஊர் என்று ஹர்ட் பாடுவதைப் பிடித்துக்கொண்டார். தேடிப் போனால் ஆள் உயிரோடு இருக்கிறார்! அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஏறினார் ஹர்ட். 1966-ல் சாகும்வரை பாடினார்.

நம் தட்டை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போய் யாரைத் தேடுவது?

நம் ஆட்களின் குரலுக்கு வழி திறந்தது கேசட்தான். கம்பெனி தயவு வேண்டாம். ஒரு டேப் ரெக்கார்டர் போதும். இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ.குணசேகரன், 1968 கீழ்வெண்மணிப் படுகொலையை நெஞ்சில் வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். வீட்டுப் பெட்டிகளிலும் இப்படி இருக்கும்: கொடை இரவில் பதிந்த வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கோயிலில் கேட்ட கணியான் கூத்து, அம்பேத்கர் பிறந்தநாள் மேடைப் பாட்டு, பாட்டி பாடிய ஒப்பாரி. தட்டுக்கு விலை உண்டு, எனவே யாராவது காப்பாற்றிவிடுவார்கள். இந்த நாடாக்களுக்கு விலை இல்லை, பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் கணக்கில் முதலில் சேகரிக்க வேண்டியவை இவைதான்.

வேலை பெரிதில்லை. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். நல்ல நாடாவை ஒயர் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிடலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. மாணவர்கள் அங்கே போய் வழி கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பறை நமக்குப் பெருமை மட்டுமல்ல. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமாகவும் இருந்தது. இனி அடிப்பதில்லை என்று போராடி அதைக் கீழே வைத்த பெரியவர்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு. அவர்களிடம் போய் "தாத்தா, ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க" என்று போனை நீட்டுவது சரியில்லை. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். ஏன் விட்டார் என்று அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். பாடியவர், அடித்தவர், ஊர், வருடம், எந்தக் கொடை, எந்த இழவு என்று உறைமேல் எழுதுங்கள். என் பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால், எழுதாதீர்கள்.