இலையுதிர் காலமும் தலைக்கணக்கும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. அக்டோபரில் வளாகத்து மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும்போது, ஆங்கிலத் துறைகள் பெரும் பரபரப்பில் இருக்கும். மாலை வேளைகளில் வெளியூர் எழுத்தாளர்களின் வாசிப்புகள், வார இறுதியை ஒட்டி ஆய்வுரைகள், அவை முடிந்ததும் பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் நீண்ட விவாதங்கள். முனைவர் பட்டம் முடிக்கவிருப்போர் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பங்கள் எழுதுவதும் இப்பருவத்தில்தான்.

இதே பருவத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில் நிர்வாகம் மாணவர்களைத் துறைவாரியாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை ஆங்கிலத் துறைகளுக்கு நெடுநாளாகச் சாதகமாக இல்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவர்கள் 2012-இல் 953 பேர். கரோனா பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு 578 பேர். வர்ஜீனியாவிலுள்ள மேரிமவுண்ட் பல்கலைக்கழகம் 2023 பிப்ரவரியில் ஆங்கிலப் பட்டத்தையே கைவிட முடிவெடுத்தது.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ள முக்கிய மாற்றம், இந்த எண்ணிக்கை சட்டமாகியிருப்பதுதான். இண்டியானா மாநிலம் 2025-இல் இயற்றிய சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஓர் இளநிலைப் பட்டப் பிரிவில் மூன்றாண்டுச் சராசரியாக 15 பேராவது பட்டம் பெற வேண்டும். முதுநிலைக்கு 7, முனைவர் பட்டத்துக்கு 3. எட்டாத பிரிவுகள் தனி ஒப்புதல் பெற வேண்டும், இல்லையேல் மூடப்படும். சட்டம் வந்த சில வாரங்களிலேயே 400-க்கும் மேற்பட்ட பிரிவுகளை நீக்கவோ, நிறுத்திவைக்கவோ, இணைக்கவோ அம்மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. ஒஹையோவும் ஆண்டுக்கு ஐந்து பட்டங்கள் என்ற வரம்பை விதித்துள்ளது.

பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்திடம் அரசு கணக்குக் கேட்பதில் பிழையில்லை. எதை அலகாகக் கொண்டு கேட்கிறது என்பதே கேள்வி. ஆங்கிலத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி அதன் சொந்த மாணவர்களுக்குச் செலவாவதில்லை. முதலாண்டில் சேரும் பொறியியல், செவிலியர், வணிகவியல் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது பெரும்பாலும் இத்துறைதான். அம்மாணவர்கள் கடைசியில் பெறும் பட்டம் வேறு துறையின் கணக்கில் ஏறுகிறது. ஊர் முழுவதற்கும் தண்ணீர் தரும் கிணற்றை, அதன் உரிமையாளர் வீட்டில் எத்தனை குடம் நிறைந்தது என்று மட்டும் பார்த்து மதிப்பிடுவதைப் போன்றது இது.

செலவுப் பக்கத்தையும் பார்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கற்பித்தல் செலவை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஆங்கிலத்தைவிடக் கணிதம் மலிவு என்று காட்டியது. கணித வகுப்புகள் பெரியவை. இலக்கிய வகுப்பை 300 பேருக்கு நடத்த இயலாது. அதே ஆய்வில் மின்பொறியியலின் செலவு ஆங்கிலத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்படாத துறையை மூடுவதால் எவ்வளவு மிஞ்சும் என்பதை மூட விரும்புவோர் விளக்கியாக வேண்டும்.

அயோவா பல்கலைக்கழகத்தின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. 1936-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள எழுத்தாளர் பயிலரங்கு உலகறிந்தது. அதை நீண்டகாலம் நடத்திய கவிஞர் பால் எங்கிள், ஹுவாலிங் நியேவுடன் சேர்ந்து 1967-இல் பன்னாட்டு எழுத்துத் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பல நாட்டு எழுத்தாளர்கள் அச்சிற்றூருக்கு வந்து தங்கி எழுதுகின்றனர்; மாணவர்களுடன் உரையாடுகின்றனர்; ஊரின் பொது நூலகத்திலும் ‘ப்ரெய்ரி லைட்ஸ்’ புத்தகக் கடையிலும் தம் படைப்புகளை வாசிக்கின்றனர். சோளக் காடுகளுக்கு நடுவே உள்ள அந்த ஊரை 2008-இல் யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அறிவித்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் அந்நியமானதல்ல. அசோகமித்திரன் 1973-இல் இத்திட்டத்தில் பங்கேற்றார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘ஒற்றன்’ நாவல். பல தேசத்து எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் வாழ நேர்ந்தபோது உண்டான சிறு சிறு சிக்கல்களையும் தனிமையையும், கடுங்குளிருக்குப் பழகாத ஒரு சென்னைவாசியின் கண்வழியே சொல்லும் நூல் அது. அந்தச் செலவுக்கு அமெரிக்க வரிசெலுத்துவோர் பெற்ற பயன் என்ன என்று எந்தத் தணிக்கையாளரும் எழுத முடியாது. பயன் தமிழில் வந்து சேர்ந்தது.

2025 மார்ச் மாதம், இத்திட்டத்துக்கு வழங்கிவந்த நிதியை அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்தியது. தேசிய நலனுக்கு ஏற்ற முன்னுரிமை இதற்கு இல்லை என்பதே கூறப்பட்ட காரணம். இளையோருக்கான கோடைக்கால முகாம் ரத்தாயிற்று. இலையுதிர் கால விருந்தினர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, தனியார் நன்கொடைகளையும் பிற ஆதரவையும் நாடித் திட்டத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

தேசிய நலன் என்ற அளவுகோலையே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். ஓரான் பாமுக் 1985-இலும், ஹான் காங் 1998-இலும், மோ யான் 2004-இலும் அயோவாவில் தங்கினர். நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது முறையே 2006, 2024, 2012-இல். அயோவாதான் அவர்களை உருவாக்கியது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், நோபல் பெறுவதற்கு முன்பே அவர்களை அழைத்து உபசரித்த நாடு என்ற பெருமை அமெரிக்காவுக்குக் கிடைத்தது. அதற்கு எட்டு முதல் 26 ஆண்டுகள் பிடித்தன. ஓராண்டு நிதிநிலை அறிக்கையில் இத்தகைய முதலீடு எப்போதும் வீண்செலவாகவே தோன்றும். பனிப்போர்க் காலத்து அமெரிக்கா இதைத் தன் சொந்த அரசியல் கணக்கிலேனும் புரிந்துவைத்திருந்தது. எங்கிளுக்கு வந்த பணத்தின் ஒரு பகுதி உளவுத் துறையின் மறைமுக நிதியமான ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையிலிருந்து வந்தது என்பது பின்னாளில் வெளியான செய்தி. நோக்கம் தூய்மையானதல்ல, விளைந்த இலக்கியமோ அந்த நோக்கத்துக்குக் கட்டுப்படவில்லை.

மாணவர்களைக் குறை சொல்வது எளிது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை வேலை தரும் பாடத்தைத் தேடுவது இயல்பே. அந்தத் தேடலின் அடிப்படையும் இப்போது ஆட்டம் காண்கிறது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட தரவுகளில், புதிதாகப் பட்டம் பெற்ற கணினி அறிவியல் மாணவர்களின் வேலையின்மை 6.1 சதவீதம், கலை வரலாற்று மாணவர்களிடம் அது 3 சதவீதம்தான். தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்போர் கலைத்துறைகளில் மிகுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களின் நிலை மாணவர்களின் நிலையைவிட மோசம். நிரந்தர உரிமையோ அதற்கான வாய்ப்போ இல்லாத ஆசிரியர்களின் பங்கு 1987-இல் ஏறத்தாழ 47 சதவீதமாக இருந்து, 2021-இல் 68 சதவீதமாக உயர்ந்துவிட்டது. முதலாண்டுக் கட்டுரைகளைத் திருத்துவோர் பெரும்பாலும் இவர்களும், ஆய்வு மாணவர்களும்தான்.

அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை உச்சம் தொட்டது 2007-இல். அவ்வாண்டு 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் 2025-இல் 18 வயதை எட்டினர். அடுத்து வரும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கல்லூரி வாசலில் நிற்கப்போகும் இளைஞர்களின் தொகை சுருங்கும். எல்லாத் துறைகளின் தலைக்கணக்கும் குறையும். இண்டியானாவின் 15 என்ற வரம்போ அப்படியே இருக்கும்.